ஒரு குவளை நீரின் கணக்கு

சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தனர் நம் இலக்கணப் புலவர்கள். ஆனியும் ஆடியுமே முதுவேனில். இப்பாகுபாட்டை வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுவதுண்டு. "ஐயா, இதுவா இளவேனில்?" என்று நெற்றி வியர்வையைத் துடைத்தபடி மாணவர் ஒருவர் கேட்பார். திருச்சிராப்பள்ளியில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் பாடம் கேட்கும் எவருக்கும் அவ்வினாவை எழுப்ப முழு உரிமை உண்டு. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழும். காவிரியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் மணலே விரிந்து கிடக்கும்.

யாமும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வதே வழக்கம். 2024ஆம் ஆண்டுக் கோடைக்குப் பின் அச்சிரிப்பு எமக்கு வருவதில்லை. அதற்கான காரணத்தை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் ஊர்ப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். எம் வீட்டுக் கதைதான். ஆயினும் உங்கள் வீட்டிலும் நிகழக்கூடியது.

எம் தந்தையார் காலத்து வீடு ஓட்டு வீடு. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கிணற்றடி. கோடையில் முற்றத்தில் நீர் தெளித்து, தாழ்வாரத்தில் பாய் விரித்து உறங்குவோம். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறும். வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். இவையெல்லாம் அன்று எமக்குத் தெரியாது. "பழைய வீடு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்று 2006ஆம் ஆண்டில் முன்னின்று சொன்னவர்களும் யாமே. ஓடு போய்க் கான்கிரீட் கூரை வந்தது. முற்றம் போய் வரவேற்பறை வந்தது. வாசலுக்கு அருகில் இருந்தால் வருவோர் போவோரோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணி, மேற்குப் பார்த்த முன்னறையை எம் தாயாருக்கு ஒதுக்கினோம். அன்பினால் செய்த பிழை அது.

கான்கிரீட் தளத்தின் இயல்பு என்ன? பகல் முழுதும் வெப்பத்தை உள்வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பின் அதை மெல்ல மெல்ல அறைக்குள் இறக்குவது. வெளியே காற்று குளிர்ந்த பின்னும் உள்ளே கூரை சுட்டுக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரோ பிற்பகல் வெயிலை நேராக மார்பில் ஏந்துவது. பகலில் வெயிலும் இரவில் கூரையுமாக அவ்வறைக்கு ஓய்வென்பதே இல்லை. நெடுநல்வாடையும் சிலப்பதிகாரமும் 'வேனிற் பள்ளி' என்று கோடைக்குரிய துயிலிடத்தைத் தனியே குறிப்பிடுகின்றன. தென்றல் வரும் திசையறிந்து சாளரம் வைத்த முன்னோரைப் பற்றிப் பல்லாண்டு பாடம் நடத்தினோம். எம் தாயாரின் கட்டிலை எங்கே போடுவது என்று மட்டும் சிந்திக்கத் தவறினோம்.

அவ்வாண்டு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ரமலான் நோன்பு நிறைவுற்றது. எழுபத்தாறு வயதிலும் அம்மா ஒரு நோன்பையும் விடவில்லை. நோயுற்றோர்க்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதை எடுத்துச் சொன்னபோது, "எனக்கு என்ன நோய், தம்பி? முட்டிவலி ஒரு நோயா?" என்று வாயடைத்துவிட்டார். நோன்பு முடிந்த பின்னர்த்தான் உண்மையான வெயில் தொடங்கியது. சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டி, இயல்பான அளவைவிட 4.5 பாகை முதல் 6.4 பாகை வரை மிகுமானால் அதனை வெப்ப அலை என்றும், அதற்கும் மேற்படின் கடும் வெப்ப அலை என்றும் வானிலைத் துறையினர் வரையறுக்கின்றனர். அந்த ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் தமிழகத்தின் உள்மாவட்டங்களில் 40 பாகையைக் கடந்த நாட்கள் அடுத்தடுத்து வந்தன. கத்திரி வெயில் பிறக்கும் முன்பே கத்திரி வந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு.

எம் வீட்டில் குளிரூட்டி ஒன்று உண்டு, மாடியறையில் இருக்கிறது. அம்மாவால் படி ஏற இயலாது. "கீழறையிலும் ஒன்று பொருத்திவிடுவோம்" என்றோம். "அந்தக் காற்று எலும்புக்குள் குத்தும், வேண்டாம்" என்றார். யாமும் வற்புறுத்தவில்லை. மின்விசிறி சுழன்றது, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

மே முதல் வாரத்தில் ஒரு நாள் பிற்பகல். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். மதிய உணவைப் பாதியில் வைத்துவிட்டு, "தூக்கம் வருகிறது" என்று அம்மா படுத்துவிட்டார். இரண்டரை மணியளவில் எம் துணைவியார் சென்று எழுப்பியபோது சரியாக விடை சொல்லவில்லை. களைத்து உறங்குகிறார் என்று எண்ணி விட்டுவிட்டோம். அவ்வெண்ணத்தில் அரைமணி நேரம் வீணாயிற்று. மூன்று மணிக்கு யாமே சென்று தோளைத் தொட்டோம். உடல் அனலாகக் கொதித்தது. கண்விழித்துப் பார்த்த அம்மா, எம்மை எம் தந்தையாரின் பெயர் சொல்லி அழைத்தார்! தந்தையார் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

கை கால் ஓடவில்லை. நன்னாரிச் சர்பத்தைக் கலக்கிக்கொண்டு வந்து வாயில் புகட்ட முனைந்தோம். அந்நேரம் அடுத்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மையார், அழைப்புக் கேட்டு ஓடிவந்தார். எம் கையிலிருந்த குவளையை வாங்கிக் கீழே வைத்தார். "நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தண்ணீரை வாயில் அல்ல, உடம்பில் ஊற்றுங்கள்" என்றார். மேலாடைகளைத் தளர்த்தி, துண்டுகளை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்து, மின்விசிறியை நேரே திருப்பி, கைவிசிறியாலும் வீசச் செய்தார். துண்டு சூடேறச் சூடேற மாற்றினோம். ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியெல்லாம் அவர் மடியில் ஒரு வாளி தண்ணீர் இருந்தது.

மருத்துவமனையில் அளந்தபோதும் உடல்வெப்பம் 40 பாகைக்குக் குறையவில்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் எம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேற்று அம்மா எத்தனை முறை சிறுநீர் கழித்தார்?"

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். இருவர் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் பேராசிரியர் என்று ஊரார் மதிக்கும் நிலையில் இருப்பவர். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவர் நாளொன்றுக்கு எத்தனை குவளை நீர் அருந்துகிறார் என்பதும் தெரியவில்லை. வேளைக்குச் சோறு கொடுத்தோம், மாத்திரை கொடுத்தோம், நலமா என்று கேட்டோம். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை.

நான்கு நாட்களுக்குப் பின் அம்மா தெளிந்து வீடு திரும்பினார். எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி செலுத்தினோம். ஒரு மாலைப்பொழுதில் தனித்திருந்து கேட்டோம்: "ஏன் அம்மா தண்ணீரே குடிக்கவில்லை?" நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்ச் சொன்னார்: "குடித்தால் எழுந்து போக வேண்டுமே, தம்பி. கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. முட்டி மடங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட வேண்டும். இராத்திரியில் உன்னை எழுப்ப வேண்டும். நீங்கள் எல்லாரும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர்கள். அதனால் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்."

எமக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று ஒரு தாய் தன் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தார். அதனைப் பொறுமை என்று அவர் கருதினார். வெயில் அவர் பொறுமையை மதிக்கவில்லை.

மருத்துவர் விளக்கியவற்றை இங்கே சுருக்கமாகத் தருகின்றோம். நம் உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. சுற்றுப்புறக் காற்று அதனினும் சூடாகும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள எஞ்சியிருக்கும் வழி வியர்வை ஒன்றே. வியர்வை ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. உடலில் நீர் குறைந்தால் வியர்வை குறையும். வெப்பம் உள்ளேயே தங்கும். முதுமையில் தாக உணர்வும் மங்கிவிடும். நீர் வேண்டியிருக்கும் உடல் அதனைக் கேட்காது. மேலும் இரத்த அழுத்தத்திற்கு அம்மா உண்டுவந்த மாத்திரை, சிறுநீரை மிகுவித்து உப்பையும் நீரையும் வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. அதனை நாமாக நிறுத்திவிடலாகாது. ஆயின் கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டி அளவைக் கேட்டறிதல் வேண்டும். பேச்சுக் குழறுதல், ஆள் தடுமாறுதல், மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது களைப்பு அன்று. உடனே உடலைக் குளிர்வித்து மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நேரம்.

அதன் பின் வீட்டில் சில மாற்றங்களைச் செய்தோம். பெருஞ்செலவு எதுவும் இல்லை. அம்மாவின் கட்டிலை மேற்கறையிலிருந்து கிழக்கறைக்கு மாற்றினோம். கழிப்பறை வரை சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தினோம். இரவுக்கெனக் கட்டிலருகே கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கி வைத்தோம். முதலில் கூச்சப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். நீர் அருந்தும் அளவு உயர்ந்தது அதன் பின்னரே. வறட்சியைத் தீர்த்தது தண்ணீர்ப்பானை அன்று, கைப்பிடிக் கம்பியே என்று சொன்னாலும் மிகையாகாது.

மொட்டைமாடித் தளத்திற்குச் சுண்ணாம்பு அடித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். உச்சிப்பொழுதில் வெறுங்காலால் மிதித்தாலே வேறுபாடு விளங்கும். சாளரத்திற்கு உள்ளே தொங்கிய திரைச்சீலையோடு நில்லாமல் வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலை உள்ளே மறித்துப் பயன் குறைவு. வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் முறை. பகலில் வெயில் படும் சாளரங்களை மூடி, மாலை இறங்கியபின் எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். காற்றின் வெப்பம் 40 பாகையை நெருங்கும்போது விசிறி மட்டும் துணையாகாது. அது சூடான காற்றையே வாரி இறைக்கும். தோலை நனைத்துக்கொண்டால்தான் பயன் கிட்டும் என்றறிந்து, கழுத்தில் ஈரத்துண்டு போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

உணவிலும் பழைய வழக்கங்கள் திரும்பின. காலையில் நீராகாரம், முற்பகலில் நீர்மோர், கிடைக்கும் நாட்களில் நுங்கும் வெள்ளரியும். உடல் சோர்ந்தால் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த நீர். இதற்குத் தலைதட்டிய அளவே வேண்டும். கைக்கு வந்தபடி உப்பிடுதல் தீங்காகும். நீரிழிவோ, இதயநோயோ, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இவற்றைக் கொள்ள வேண்டும்.

கணக்கெழுதும் பொறுப்பை எம் பேத்தி ஏற்றாள். நாட்காட்டித் தாளின் ஓரத்தில், பாட்டி அருந்தும் ஒவ்வொரு குவளைக்கும் ஒரு கோடு. மாலையில் கோடுகள் குறைந்திருந்தால் எங்கள் அனைவருக்கும் விசாரணை நடக்கும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் உதவித்தொகை உண்டு. வெள்ளத்திற்கும் புயலுக்கும் நிகராக வெயிலும் எண்ணப்படும் காலம் வந்துவிட்டது. ஆனால் வெள்ளம் வாசலில் நின்று குரல் கொடுக்கும். வெயில் ஓசையின்றி அறைக்குள் வந்து, பேசாதிருப்பவரையே முதலில் தேடும். எம் வீட்டுத் திண்ணை போய்விட்டாலும் வாசலில் ஒரு பானை நீர் இப்போது இருக்கிறது. கீரை விற்கும் அம்மையாரும், சாலை செப்பனிடும் தோழர்களும், கூரியர் கொண்டுவரும் இளைஞர்களும் அருந்திச் செல்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் நலம் விசாரிப்பீர்கள். அவர்கள் "நலம்" என்றே சொல்வார்கள். எம் தாயாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதனோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நீர் குடித்தீர்கள் என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை எவ்வளவு தொலைவு என்று நீங்களே நடந்து பாருங்கள். அவர்கள் உறங்கும் அறையின் சுவரைப் பிற்பகலில் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். பெரியோர்களே! அழைத்தால் பிள்ளைகளுக்குத் தொல்லை என்று எண்ணி நாவை உலரவிடாதீர்கள். நள்ளிரவில் ஒருமுறை எழுப்பப்படுவதால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. எழுப்பாமல் விட்ட ஓரிரவை எண்ணி வாழ்நாளெல்லாம் விழித்திருப்பதுதான் கொடிது.

2025ஆம் ஆண்டின் கோடையை அம்மா நலமாகக் கடந்தார். ஒரு நாள் நள்ளிரவில் குரல் கேட்டு ஓடினோம். "ஒன்றுமில்லை தம்பி, பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதற்குத்தான் எழுப்பினேன்" என்றார். பானையை நிரப்பி வைத்தோம். பாதிக் குவளை அருந்திவிட்டு, "இதற்கும் ஒரு கோடு போட்டுவிடச் சொல்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.