மரை கழன்ற திருகாணி

ஓர் எந்திரத்தைக் காண்பவர் கண்ணில் சக்கரம் படும், விளக்கு படும். அவற்றைப் பிடித்து நிற்கும் திருகாணி படுவதில்லை. அது தன் பிடியை இழக்கும்போதே அதன் பணி நமக்குப் புலனாகிறது. மகிழுந்தின் எண்பலகையைத் தாங்கிய இரு திருகாணிகள் பழுதுற்றதையும், அவற்றைச் சீர்செய்த கைத்திறனையும், அத்திறனுக்குப் பின்னுள்ள அறிவியலையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எண் என்னும் அடையாளம்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளின் மாலைப்பொழுதில் ஊருக்குள் வரும் சாலைகள் யாவும் வாகனங்களால் நிறைந்துவிடும். 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையைச் சுற்றிவர விரும்புவோர் போளூர் சாலை, செங்கம் சாலை, வேட்டவலம் சாலை என எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றனர். நிறுத்துமிடங்களில் வெண்ணிற மகிழுந்துகள் வரிசை வரிசையாக நிற்கும். நள்ளிரவு கடந்து, களைத்த கால்களோடு திரும்பும் குடும்பம் தன் வண்டியைத் தேடும்போது நிறமும் வடிவமும் உதவுவதில்லை. எண் ஒன்றே உதவுகிறது. 'டி.என். 25' என்று தொடங்கினால் அது திருவண்ணாமலையில் பதிவான வண்டி.

எண்பலகையின் பயன் இவ்வளவில் முடிவதில்லை. ஒருவரை மோதிவிட்டு நில்லாமல் செல்லும் வண்டியைக் கண்டுபிடிக்க, நேரில் கண்டவர் மனத்தில் பதிந்த எண்ணே பலநேரங்களில் முதற்சான்று. பாரிசு நகரக் காவல்துறை 1893ஆம் ஆண்டிலேயே வாகனங்களில் எண்பலகை இருத்தல் வேண்டும் என ஆணையிட்டது. நம் நாட்டில் இன்று நடைமுறையிலுள்ள 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பதிவு பெறாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைத் தடைசெய்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் எழுத்தின் அளவையும் வரையறுத்துள்ளன. மகிழுந்தின் எண்பலகையில் ஒவ்வோர் எழுத்தும் 65 மி.மீ. உயரமும் 10 மி.மீ. தடிப்பும் கொண்டிருத்தல் வேண்டும்.

இத்தனை சட்டங்களும் விதிகளும் காக்கும் அந்தப் பலகையை வண்டியோடு இணைத்திருப்பவை, சுண்டுவிரலின் ஒரு கணு நீளமுள்ள சில திருகாணிகள்.

கடற்காற்றின் எச்சம்

எங்கள் இல்லத்து மகிழுந்து முன்பே ஒருவர் பயன்படுத்தியது. கடற்கரையை அடுத்த தெரு ஒன்றில் பல ஆண்டுகள் நின்ற வண்டி அது. உப்புக்காற்று முதலில் தீண்டுவது இத்தகைய சிறு இரும்புகளையே. இரும்பு துருவாக மாறும்போது முன்னிலும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் திருகாணிக்கும் அது புகுந்துள்ள துளைக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளி துருவால் நிரம்பி, இரண்டும் ஒன்றாக இறுகிவிடும்.

ஓர் ஐப்பசி மழைநாளில் வண்டியின் பின்புறத்திலிருந்து தகடு அதிரும் ஒலி எழுந்தது. இறங்கிப் பார்த்தேன். எண்பலகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. வலப்புறத் திருகாணி துருப்பிடித்துத் துளையோடு ஒட்டியிருந்தது. அதன் தலையிலிருந்த கூட்டல் குறிப் பள்ளம் முற்றும் தேய்ந்திருந்தது. இடப்புறத் திருகாணியோ எவ்வளவு திருகினாலும் பிடியின்றிச் சுழன்றுகொண்டே இருந்தது. ஒன்று கழல மறுத்தது. மற்றொன்று நிற்க மறுத்தது. கண் மருத்துவத்திற்காக என் அன்னையை மறுநாள் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. செல்லும் வழியில் பலகை விழுந்துவிட்டால், அதன்பின் அடையாளமற்ற வண்டியொன்று நெடுஞ்சாலையில் ஓடும்.

மரை என்னும் சொல்

திருகாணியின் உடலில் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரியை நம் பட்டறைகளில் 'மரை' என்பர். சங்க இலக்கியத்தில் இதே சொல் ஒருவகை மானைக் குறிக்கும். வரி தேய்ந்து பிடி இழந்தால் 'மரை கழன்றது', 'மரை போய்விட்டது' என்பது வழக்கு. அறிவு பிறழ்ந்தவரைச் சுட்டவும் மக்கள் இத்தொடரை ஆள்கின்றனர். மனநோயுற்றவரைப் புண்படுத்தும் அவ்வழக்கைக் கைவிடுதலே நன்று. தொடரின் நேர்ப்பொருளை அறிந்தவர் மற்றொன்றையும் அறிவர்: கழன்ற மரைக்கும் மருந்துண்டு.

அதை முதலில் எடுத்துரைத்தவர் என் அன்னையே. "தோட்டுத் திருகு லூசானா நூல் சுத்திப் போடுவோமே, அது மாதிரி ஏதாவது செய்யக் கூடாதாப்பா?" என்று கேட்டார். காதணியின் திருகு தளர்ந்துவிட்டால் பொற்கொல்லரிடம் செல்லும்வரை அதன்மேல் நூலைச் சுற்றி அணிவது நம் பெண்கள் வழிவழியாக அறிந்த உத்தி. தேய்ந்த இடத்தை வேறொன்றால் நிரப்புதல் என்பதே அதன் அடிப்படை. எந்திரப் பட்டறையிலும் இதே அடிப்படை வேறு வடிவில் பயன்படுகிறது. மரை கெட்ட துளைக்குள் கம்பிச் சுருள் ஒன்றைச் செருகிப் புதுமரை உண்டாக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது.

சுருண்ட சாய்தளம்

ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி எழுதுகோலின்மேல் சுற்றிப் பாருங்கள். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு, மரையாக எழுதுகோலைச் சுற்றி ஏறுவதைக் காண்பீர்கள். திருகாணி என்பது சுருட்டிவைத்த சாய்தளமே. போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் சாலை நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவதும் இக்காரணத்தாலேயே. நெடுந்தொலைவு சென்று சிற்றுயரம் ஏறினால் குறைந்த விசை போதும்.

எங்கள் வண்டியிலிருந்தது 6 மி.மீ. விட்டமுள்ள திருகாணி. அதன் மரைகளுக்கு இடையேயுள்ள தொலைவு 1 மி.மீ. ஒருமுறை சுழன்றால் அதன் விளிம்பு ஏறத்தாழ 19 மி.மீ. பயணம் செய்கிறது, திருகாணி முன்னேறுவதோ 1 மி.மீ. மட்டுமே. கையின் சிறுவிசை இவ்வாறு பன்மடங்காகப் பெருகுகிறது. அளவறியாது முறுக்கினால் அதே விசை மரையையும் அறுத்துவிடும்.

மரைக்குப் பொது அளவு தேவை என்பதை உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், 55 பாகைக் கோணமுள்ள பொதுமரை ஒன்றை முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தைப் பரிந்துரைத்தார். இன்று பரவலாக வழங்கும் மெட்ரிக் மரையின் கோணமும் 60 பாகையே. பொது அளவு இல்லாமையால் நேர்ந்த கேட்டிற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சான்று. 1904 பிப்ரவரியில் அந்நகரம் தீப்பற்றியபோது வாசிங்டன், பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்தனர். அவர்களுள் பலர் கொணர்ந்த குழாய்கள் அந்நகரின் நீர்க்குழாய் வாய்களில் பொருந்தவில்லை. இரண்டு நாள்களில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. உதவ வந்த கைகள் இருந்தும் மரை ஒத்துப்போகவில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயமாகும். அலுமினியத் தகட்டாலான இப்பலகையில் அசோகச் சக்கரம் பொறித்த ஒளிப்படிவ முத்திரையும், லேசரால் பொறிக்கப்பட்ட 10 இலக்க எண்ணும் இருக்கும். இதைப் பொருத்தும் பூட்டு ஒருமுறை மட்டுமே பயன்படுவது. உடைக்காமல் கழற்ற இயலாது. ஆகவே இவ்வகைப் பலகை தளர்ந்தால் நாமே கழற்ற முற்படாமல், உரிமம் பெற்ற விற்பனையாளரை அணுகவேண்டும்.

பட்டறையில் ஒரு மாலை

வேட்டவலம் சாலையிலுள்ள சிறு பட்டறை ஒன்றிற்கு வண்டியைக் கொண்டுசென்றேன். அங்கிருந்த பெரியவர் திருகாணியைத் தொடுமுன் விரலால் பலகையை அசைத்துப் பார்த்தார். பின்னர்த் துருப்பிடித்த திருகாணியின் விளிம்பில் சில துளி எண்ணெய் விட்டு, சிறு சுத்தியலால் அதன் தலையில் மெதுவாகத் தட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் கவனித்திருக்கவேண்டும்.

"அவசரப்பட்டா தலை உடைஞ்சிடும் ஐயா. எண்ணெய்க்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க, அது உள்ளே போய் வேலை செய்யும்" என்றார்.

அரைமணி நேரம் கழிந்தது. மிதிவண்டி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டைத் தேய்ந்த பள்ளத்தின்மேல் வைத்துத் திருப்புளியால் அழுத்தித் திருகினார். ரப்பர் பள்ளத்தை நிரப்பிப் பிடி தரும் என்பது கருத்து. பள்ளம் மிகத் தேய்ந்திருந்ததால் அம்முயற்சி பயன்தரவில்லை. அவர் சலித்துக்கொள்ளவில்லை. இரும்பறுக்கும் ரம்பத்தால் திருகாணியின் தலையில் நேர்கோடாக ஒரு புதுப்பள்ளம் அறுத்தார். தட்டைத் திருப்புளியை அதில் பொருத்தி, கழற்றும் திசையில் திருப்பாமல், இறுக்கும் திசையில் மயிரிழையளவு திருப்பினார். 'கிறீச்' என்றோர் ஒலி எழுந்தது. துருவின் பிடி உடைந்தது. அதன்பின் எதிர்த்திசையில் சிறிது, மீண்டும் முன்திசையில் சிறிது என மாற்றி மாற்றித் திருப்ப, திருகாணி முழுதாக வெளியே வந்தது.

அடுத்தது பிடியின்றிச் சுழன்ற திருகாணி. பலகையின் பின்னே மெல்லிய திருப்புளியைச் செருகி வெளிநோக்கி நெம்பியவாறே அதைச் சுழற்றினார். எஞ்சியிருந்த மரை பற்றிக்கொண்டது, அதுவும் வெளிவந்தது. துளைக்குள் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்தோம். முன்னர் யாரோ அதைச் சாய்வாகச் செலுத்தி முறுக்கியிருந்ததால், உள்ளிருந்த மரை அறுந்து மழுங்கிக் கிடந்தது.

"பெரியவரே, துளையைப் பெரிதாக்கி 8 மி.மீ. மரை போட்டுவிடலாமா?" என்று வினவினேன்.

"தகடு மெல்லிசு ஐயா. எத்தனை மரை பிடிக்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க" என்றார்.

கணக்கிட்டேன். மரைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 1 மி.மீ. எனில், 1 மி.மீ. தடிப்புள்ள தகட்டில் ஒரே ஒரு சுற்று மரைதான் அமையும். ஒற்றைச் சுற்றைப் பற்றிக்கொண்டு ஒரு திருகாணி எத்தனை நாள் அதிர்வைத் தாங்கும்? மெல்லிய தகட்டின் பின்னே தடித்த நட்டு ஒன்றை வைப்பது இதனாலேயே. "பின்பக்கம் கை போகுமா?" என்பதே அவருடைய அடுத்த வினா. வண்டியின் பின்கதவினுள்ளே இருந்த உறையை விலக்கியதும் கை நுழையும் இடம் தெரிந்தது. துருவேறாத எஃகுப் போல்ட்டைப் புறத்திலிருந்து செலுத்தி, உட்புறத்தில் வாஷரும் நட்டும் இட்டார். தகட்டின் வண்ணப்பூச்சு உரசாதிருக்க நைலான் வாஷர் ஒன்றையும் வைத்தார்.

கால் சுற்று

துரு நீங்கிய துளையில் மரை நன்றாகவே இருந்தது. அதில் புதுத் திருகாணியை என்னையே பொருத்தச் சொன்னார் பெரியவர். மரையில் சிறிது கிரீசு தடவித் தந்து, "முதல்ல பின்பக்கமாத் திருப்புங்க" என்றார். திருப்பினேன். ஓரிடத்தில் திருகாணி 'டக்' என்று மெல்ல இறங்கியது. இரு மரைகளின் தொடக்கமும் சந்திக்கும் இடம் அது. அங்கிருந்து முன்னோக்கித் திருப்ப, கருவியின் துணையின்றி விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே சென்றது. விரலால் செல்லாத திருகாணியைக் கருவியால் செலுத்தினால் மரை அறுபடும் என்பது அப்பட்டறையின் முதல் விதி.

"எவ்வளவு இறுக்குவது?" என்று கேட்டேன்.

"அதுவே சொல்லும். லேசா வந்துக்கிட்டே இருக்கும், ஓரிடத்துல கனக்கும். கனத்ததும் கால் சுற்று. அதோட கையை எடுத்துடணும்."

பொறியியல் நூல்கள் இதனையே வேறுவகையில் விளக்கும். இறுகும் திருகாணி, வில்சுருள்போல மிகச் சிறிதளவு நீளுகிறது. மீண்டும் சுருங்க முயலும் அவ்விசையே பொருள்களை இணைத்துப் பிடிக்கிறது. எல்லையைக் கடந்து இறுக்கினால் உலோகம் மீளா வண்ணம் நீண்டுவிடும், பிடியும் போய்விடும். பெரிய தொழிலகங்களில் இவ்வெல்லையை அறிய முறுக்குவிசை காட்டும் ஸ்பானரைப் பயன்படுத்துகின்றனர். பெரியவரிடம் அக்கருவி இல்லை. ஆண்டுக்கணக்கில் இரும்போடு பழகிய அவருடைய மணிக்கட்டு அந்த எல்லையை அறிந்திருந்தது.

பிடிப்பு உறுதியாக வேண்டுமெனில் வலிமையை முழுதும் செலுத்தவேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். நட்பிலும் குழந்தை வளர்ப்பிலும் ஆசிரியப் பணியிலும் அவ்வெண்ணத்தோடே இறுக்குவோர் உண்டு. தளர்ந்தது கழலும், மிகையாய் இறுகியது அறும். இரண்டிற்கும் நடுவே கைக்குப் புலப்படும் ஓர் எல்லை உண்டு. அதைக் கண்டறியும் பொறுமையும், கண்டதும் கையை எடுக்கும் துணிவும் பழகப் பழகவே வாய்க்கும். பெரியவர் அன்று கேட்ட கூலி சிறிது. தேநீரை அருந்தியவாறே அவர் அடுத்த வண்டியின் அடியில் குனிந்து, ஒரு திருகாணியை முதலில் பின்பக்கமாகத் திருப்பத் தொடங்கியிருந்தார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி, பொருளுடன் பட்டியலிடுக.

2. 'தளர்ந்தது கழலும், மிகையாய் இறுகியது அறும்' – இக்கருத்தை உங்கள் வாழ்வியல் அறிவோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.