தோற்றவர் கையைப் படிக்கக் கற்றது

அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்ததும் முன்கூடத்தில் பாய் விரிந்துவிடும். அப்பா, சித்தப்பா, மாமா, எதிர் வரிசை ஃபிட்டர் அண்ணன், அத்தை என்று ஐந்து பேர். இரண்டு கட்டு, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, 201 ரம்மி; கணக்கு 201-ஐத் தொட்டால் அவுட். காசு வைத்து ஆடியதே இல்லை. முதலில் அவுட் ஆகி, திரும்பச் சேரவும் வழியில்லாமல் போகிறவர் எல்லாருக்கும் மசால் வடையும் டீயும் வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு நோட்டு எப்போதும் அத்தையிடம். கூட்டுறவுப் பண்டகசாலையில் இருபது வருடம் பில் எழுதிய கை அது. அறுவைக்குப் பிறகு குனியக் கூடாது, கண்ணை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி, "நோட்டைப் பாப்பாகிட்ட குடுங்க. அவ சீட்டைப் படிக்கட்டும், நான் கேக்கறேன்" என்றார் அத்தை. அப்படித்தான் நோட்டு என் மடிக்கு வந்தது.

புள்ளிக் கணக்கு எனக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10. எண் சீட்டுக்கு அதன் எண். ஜோக்கருக்கு ஒன்றுமில்லை. கை முழுவதும் சேர்த்து டிக் அடித்தவருக்கு 0, மற்றவர்களுக்குக் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளின் கூட்டுத்தொகை. எவ்வளவு மோசமான கையானாலும் 80-க்கு மேல் போகாது. அதற்குப் பெயர் ஃபுல். கை பிடிக்கவில்லை என்று ஒரு சீட்டும் எடுக்காமல் ஸ்கூட் விட்டால் 25, ஆட ஆரம்பித்து நடுவில் விட்டால் 50. கை சேராமலே தவறி டிக் அடித்தவருக்கு 80. கூட்டல் எனக்கு நன்றாக வரும். அதனால் இந்த வேலையும் நன்றாக வந்துவிடும் என்று நம்பினேன்.

அன்றைக்கு மூன்றாவது ஆட்டம். வெட்டி எடுத்த ஜோக்கர் 7. மாமா டிக் அடித்தார். சித்தப்பா 132-ல் இருந்தார். அவர் கையை விரித்ததும் நான் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தேன்: ஆட்டின் 5, 6, 7. கிளாவர் 9, 10, பக்கத்தில் ஸ்பேடு 7. மூன்று ராஜா. மிச்சம் டைமன் 2, 3, ஸ்பேடு 9, ஆட்டின் ராணி.

ரம்மியில் முதல் சட்டம், ஜோக்கர் கலக்காத ஒரு வரிசை இருந்தே ஆக வேண்டும். அதுதான் ஒரிஜினல். அது இல்லையென்றால் கையில் வேறு என்ன சேர்ந்திருந்தாலும் செல்லாது, மொத்தச் சீட்டும் எண்ணப்படும். ஆட்டினில் 7 இருக்கிறது, 7 ஜோக்கர், ஆகவே ஒரிஜினல் இல்லை என்று நினைத்தேன். ஜோக்கர்கள் போக 5, 6, 9, 10, ராஜாக்களுக்கு 30, மிச்சத்துக்கு 24, ஆக மொத்தம் 84. ஃபுல் என்று முடிவு செய்து 80 எழுதினேன். 212. "சித்தப்பா அவுட்" என்றேன்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, சீட்டை மடக்கப் போனார். அத்தை கையை நீட்டித் தடுத்தார்.

"ஆட்டின் அஞ்சு, ஆறுக்கு அடுத்து என்ன வரும்?"

"ஏழு."

"அங்க என்ன இருக்கு?"

"ஆட்டின் ஏழு. ஆனா அது ஜோக்கராச்சே அத்தை."

"தன் வீட்ல தன் எடத்துல உக்காந்திருக்கறப்ப அது ஏழுதான். அடுத்த வீட்டுக்குப் போனாத்தான் ஜோக்கர்."

அந்த ஒரு வாக்கியத்தில் கை முழுவதும் என் கண் முன்னால் மாறியது. ஆட்டின் 5, 6, 7 ஒரிஜினல். கிளாவர் 9, 10-உடன் இருக்கும் ஸ்பேடு 7 வேறு வீட்டுக்குப் போனது, அதனால் அங்கே ஜோக்கர். அது இரண்டாவது வரிசை. இரண்டு வரிசை இருப்பதால் மூன்று ராஜாவும் செட்டாகச் செல்லும். நிற்பவை கடைசி நான்கு சீட்டு மட்டும். 24. சித்தப்பாவின் கணக்கு 156. சற்று முன் ஒரு பென்சில் கீற்றில் வெளியே அனுப்பப்பட்ட மனிதர் ஆட்டத்துக்குள் இருந்தார். என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கூட்டலில் நான் தவறவில்லை. கூட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது, அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

80-ஐ ரப்பரால் அழிக்கப் போனேன். அத்தைக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. "அழிக்காதே. ஒரு கோடு போடு. பக்கத்துல சரியானதை எழுது. என்ன தப்புன்னு பின்னால பாக்கறவங்களுக்கும் தெரியணும்." அடுத்த வாரத்திலிருந்து பென்சிலை நிறுத்திவிட்டு பால்பாயிண்ட் பேனா கொடுத்தார்.

அதன் பிறகு வந்த நாலைந்து ஞாயிறுகள்தான் நான் உண்மையில் படித்த காலம். தோற்றவர் விரித்த சீட்டை அத்தை குனிந்து பார்க்காததே எனக்குப் பெரிய கொடுப்பினை. பார்த்திருந்தால் தானே ஒரு நொடியில் சொல்லியிருப்பார். இப்போது நான் பதின்மூன்று சீட்டையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடி, அவற்றை மனதுக்குள் அடுக்குவார். விரல்கள் புடவை மடிப்பின் மேல் லேசாக நகரும். சீட்டை இடம் மாற்றுகிறார் என்று அர்த்தம்.

ஒரு தடவை ஃபிட்டர் அண்ணன் தோற்றுவிட்டு, தானே கணக்குச் சொன்னார். ஸ்பேடு 2, 3, 4, 5 ஒரிஜினல். டைமன் 8, 9-உடன் கோமாளிப் படம் போட்ட ஜோக்கர். மிச்சம் கிளாவர் ராணி, ராஜா, ஆட்டின் 5, 6, டைமன் 5, கிளாவர் 3. "39, எழுதிக்கோ பாப்பா" என்றார். நானும் கூட்டிப் பார்த்தேன், 39 சரி. எழுதப் போனேன்.

"இரு. அவர் சொன்னதைக் கூட்டின. அவர் கையைப் பாத்தியா?" என்றார் அத்தை.

அன்றைக்கு அவர் இரண்டு சீட்டைத்தான் நகர்த்தினார். ஜோக்கரை டைமனிலிருந்து எடுத்து கிளாவர் ராணி, ராஜாவோடு வைத்தார். வரிசைக் கணக்கு குறையவில்லை; 20 புள்ளி உள்ளே போய் 17 வெளியே வந்தது. பிறகு ஸ்பேடு வரிசையின் ஓரத்திலிருந்த 5-ஐ உருவினார். 2, 3, 4 அப்போதும் ஒரிஜினல்தான். உருவிய 5 மற்ற இரண்டு 5-களோடு சேர்ந்து செட் ஆனது. இன்னும் 10 உள்ளே போனது. நிற்பவை டைமன் 8, 9, ஆட்டின் 6, கிளாவர் 3. 26.

ஃபிட்டர் அண்ணன் தன் கையைத் தானே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று புள்ளி. அவர் கேட்காததை அத்தை ஏன் தேடிக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. அத்தையும் அதே ஆட்டத்தில் இருப்பவர். 39 எழுதினால் அவருக்குத்தான் லாபம். கேட்டேன். "தோத்தவங்களுக்கு மனசு சீட்ல இருக்காது. அவங்களுக்காகப் பாக்கறதுக்குத்தான் எழுதறவங்க இருக்காங்க" என்றார். ஒரு கையை எத்தனை விதமாக அடுக்கலாமோ அத்தனையும் பார்த்து, அதில் மிகக் குறைந்த எண்ணை எழுதுவதுதான் எழுதுகிறவரின் கடமை. யார் கையானாலும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அன்று முதல் நான் எழுதியது அந்த வழியில்தான்.

பல வருடம் கழித்து, ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னதைப் படித்தேன். செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கு. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பது, எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்று தேர்வது, இவற்றைக் காரணமாகக் காட்டி, முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடும் மூன்று சீட்டிலிருந்து அதைப் பிரித்திருந்தார்கள். படித்தபோது எனக்கு அத்தையின் புடவை மடிப்பில் நகர்ந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. டிக் அடித்த பிறகும் அந்த ஆட்டத்தில் திறமைக்கு வேலை மிச்சமிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நோட்டு எழுதும் முறையையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அன்றைய புள்ளியைச் சிறியதாக மேலே, சேர்ந்த மொத்தத்தைப் பெரியதாகக் கீழே. எழுதியதும் ஐந்து பேரின் மொத்தத்தையும் உரக்கப் படித்துவிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அப்போதே வரட்டும், சீட்டைக் கலைத்த பிறகு வந்தால் யாராலும் தீர்க்க முடியாது. வலது ஓரத்தில் அந்த ஆட்டத்தில் ஐந்து பேரும் வாங்கிய புள்ளியின் கூட்டுத்தொகை. பக்கம் முடியும்போது வலது ஓரப் பத்தியைக் கீழ்வாக்கில் கூட்டினால் வருவதும், கடைசி வரியின் ஐந்து மொத்தங்களைக் குறுக்கே கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பண்டகசாலைப் பில் புத்தகத்திலிருந்து அத்தை கொண்டுவந்த பழக்கம் அது. யாராவது அவுட் ஆகித் திரும்பச் சேர்ந்தால் அந்தப் பக்கத்தை அங்கேயே கோடு போட்டு மூடிவிட்டு, சேர்ந்தவரின் புதுக் கணக்கோடு ஐந்து மொத்தங்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் மேலே எழுதிப் புதுப் பக்கம் ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்குக் கூட்டல் இடிக்கும்.

திரும்பச் சேர்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டத்தில் இருப்பவர்களில் யார் கணக்கு அதிகமோ, அதைவிட ஒன்று கூட்டி உள்ளே வரலாம். ஆனால் அந்த அதிகம் 174-ஐத் தாண்டியிருந்தால் கதவு மூடிவிட்டது. ஏன் 174 என்று நான் கேட்டபோது அத்தை பதில் சொல்லவில்லை, கூட்டிப் பார் என்றார். 174-க்கு மேல் ஒன்று, 175. ஒரு ஸ்கூட் 25. 200. இன்னும் உயிரோடு இருக்கிறார். அதாவது திரும்ப வருகிறவருக்குக் கை பிடிக்காமல் போனால் ஒரே ஒரு முறை விலகிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். 101 ஆட்டத்தில் ஸ்கூட் 20, எல்லை 79. போட்டுப் பார்த்தால் அங்கேயும் அதே ஒரு மூச்சு இடம்தான் கிடைக்கும். விதியைப் போட்டவர் யாரோ, தோற்றவரை நினைத்துத்தான் போட்டிருக்கிறார். 176-க்கு வந்துவிட்டவருக்கு அந்த இடமும் இல்லை. ஸ்கூட் விட்டாலே 201. எப்படிப்பட்ட கை வந்தாலும் ஆடித்தான் தீர வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கம்பல்சரி என்பார்கள்.

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய ஞாயிறன்று அப்பா கம்பல்சரியில் இருந்தார். சரியாக 176. மாமா 181-ல் இருந்ததால் அப்பா அவுட் ஆனால் திரும்பி வரவும் முடியாது. சித்தப்பா டிக் அடித்தார். அப்பா கையை விரித்தார்: கிளாவர் ஜாக்கி, ராணி, ராஜா. ஆட்டின் 3, 4, ஒரு ஜோக்கர், 6. மூன்று 8. மிச்சம் ஸ்பேடு ராணி, டைமன் ராணி, டைமன் 5.

25. கூட்டினால் 201.

அத்தை நோட்டைக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேடினேன். கிளாவர் ராணியை உருவினால் மூன்று ராணி செட் ஆகும். ஆனால் அது நடுவில் இருக்கிற சீட்டு, எடுத்தால் ஒரிஜினலே போய்விடும். ஜோக்கரை ராணிகளிடம் கொண்டுபோனால் ஆட்டின் வரிசை உடைந்து இரண்டாவது வரிசை இல்லாமல் போகும், அப்புறம் எந்த செட்டும் செல்லாது. அந்த 5 ஆட்டினாக இருந்திருந்தால் 3, 4, 5, 6 தானாகவே நின்று, ஜோக்கர் விடுபட்டு, கை முழுவதும் சேர்ந்திருக்கும். டைமன். திருப்பிப் பார்த்தேன், டைமன்தான்.

"இன்னொரு தடவை பாரும்மா" என்றார் அப்பா.

பார்த்தேன். 8-களைப் பிரித்தும் பார்த்தேன். ஒரு புள்ளி குறைய எங்கேயும் வழியில்லை. மேலே சிறியதாக 25, கீழே பெரியதாக 201 எழுதி, ஐந்து பேர் மொத்தத்தையும் உரக்கப் படித்தேன். அத்தை ஆட்சேபம் சொல்லவில்லை.

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வாசலில் செருப்பைத் தேடியபடி, யார் யாருக்கு டீ, யாருக்குக் காபி என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.