ஓலைக்கடைப் பெயர் யார் பேரில்?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வக்கீல் தொழில் செய்கிறவனின் மேசையில் இருக்கும் கட்டுகளை வைத்தே இந்தப் பகுதியின் பிழைப்பைச் சொல்லிவிடலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதிய இழப்பீடு, காசிமேட்டில் விசைப்படகு விற்ற பாக்கி, மூடிப்போன ஆலையின் பணிக்கொடை, திருவொற்றியூரில் பாகம் பிரியாத வீடு. இவற்றுக்கு நடுவே 2024 தொடக்கத்தில் ஒரு வெப்சைட் தகராறு வந்தது. கோர்ட்டுப் படி ஏறாமலே முடிந்ததால் அதை வழக்கு என்று முழுசாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் நடத்திய சில பெரிய வழக்குகளைவிட அதில் யோசிக்க வேண்டிய சட்டம் அதிகம் இருந்தது.

கட்சிக்காரர் எர்ணாவூரில் பனையோலைப் பொருள் செய்து விற்கிற அம்மா. பெயரும் கடைப் பெயரும் இங்கே வேண்டாம். பிறந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம். ஓலை முடைவது அங்கே பெண்களுக்குக் கைவந்த வேலை. கல்யாணமாகி வந்த இடத்திலும் கையை விடவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும், கல்யாண வீட்டார் தாம்பூலப் பைக்குப் பதில் ஓலைப் பெட்டி கேட்க ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் தங்கை மகனின் சிநேகிதன், கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த பையன், சொற்பக் காசுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். படங்களையும் அவனே எடுத்தான். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. பையன் படிப்பு முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்குப் போய்விட்டான். வெப்சைட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எர்ணாவூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது ஊரறிந்த கதை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்து, மறுபடி காயவைத்துத்தான் முடைய முடியும். ஈரம் பட்டால் பூசணம். எண்ணெய் பட்டால் எதற்கும் ஆகாது. "சரக்கு பூரா போச்சு சார். வெப்சைட்டுக்கு மட்டும் ஒண்ணுமே ஆவல. அது பாட்டுக்கு ஆர்டர் எடுத்துனு இருக்குது" என்றார் அந்த அம்மா.

விஷயமே அதுதான். இல்லாத சரக்குக்கு ஆர்டர் விழுந்து, பணம் அவர் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. தை மாதம் முகூர்த்த சீசன். திருப்பிக் கொடுக்கக் கொடுக்க அடுத்தது வந்தது. பெட்டி வராத ஒரு பெண் வீட்டார் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வெப்சைட்டின் முகப்பில் "இப்போது ஆர்டர் எடுக்கவில்லை" என்று ஒரு வரி போட வேண்டும். அந்த ஒரு வரியைப் போட ஆள் தேடித்தான் அவர் அலைந்தார். மொபைல் கடைக்காரர், ரிச்சி தெருவில் தெரிந்தவர், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் ஆசிரியர் என்று கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்: "லாகின் இருக்கா?" ஒரு நிறுவனம் மட்டும் அதைக் கேட்காமல், புதிதாகவே செய்து தருவதாகச் சொல்லி, அவருடைய ஒரு வருஷ லாபத்தை விலையாகச் சொன்னது.

லாகின் பழைய பையனிடம் இருந்தது. அவன் போனை எடுக்கவில்லை. கடைசியில் தங்கை மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: மூன்று வருஷமாகப் பெயருக்கும் சர்வருக்கும் தானே பணம் கட்டிவருகிறேன், அந்தப் பாக்கியும் மாற்றித்தரக் கூலியும் வந்தால் பேசலாம் என்று. கூலியாகக் கேட்டது பெரிய தொகை. தங்கை மகன் கொதித்துப்போய், "சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுக்கலாம் சார்" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

எதைக் குற்றம் என்று எழுதுவது? அவன் யாருடைய கம்ப்யூட்டரிலும் புகவில்லை. டாட் இன் முகவரியின் பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தேன். பதிவுதாரர் அந்தப் பையன், மின்னஞ்சல் அவனுடையது. பதிவேட்டைப் பொறுத்தவரை அது அவன் சொத்து. கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டர் பலகையைத் தன் பேரில் பட்டா போட்டுக்கொண்டது போலத்தான் இது. ஆனால் திருட்டு எண்ணத்தில் செய்ததில்லை. படிக்கிற பையன், கையில் இருந்த மின்னஞ்சலில் பதிவு செய்தான், அவ்வளவுதான். சிறு வியாபாரிகளின் வெப்சைட்டுகள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன. போலீஸ் யோசனையை நான் ஒரேயடியாக ஒதுக்கினேன். மிரட்டி வாங்கிய கடவுச்சொல்லைவிட எழுதி வாங்கிய கையெழுத்துக்கு ஆயுள் அதிகம்.

சிவில் பக்கம் முதலில் நினைவுக்கு வந்தது நம்ம சென்னை நிறுவனத்தின் வழக்குதான். சத்யம் இன்ஃபோவே, சிஃபி என்று தான் உருவாக்கிய சொல்லை வைத்து 1999-ல் இணைய முகவரிகளைப் பதிவு செய்திருந்தது. 2001 முதல் இன்னொரு நிறுவனம் ஒரு எஃப் எழுத்தை மட்டும் கூட்டி, கிட்டத்தட்ட அதே பெயரில் முகவரி வைத்தது. பெங்களூர் சிவில் கோர்ட் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004-ல் உச்ச நீதிமன்றம் தடையை மறுபடி கொண்டுவந்தது. இணைய முகவரி வெறும் விலாசம் அல்ல, வியாபாரத்தின் அடையாளம். வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று சொன்ன தீர்ப்பு.

பார்த்தவுடன் நம் வழக்குக்குத் தைத்த சட்டை மாதிரித் தெரியும். ஆனால் அதில் எதிரி போட்டி வியாபாரி. வாடிக்கையாளர் ஆள் மாறிப் போவார் என்பதுதான் அங்கே கேடு. எங்கள் பையன் ஓலைப் பெட்டி விற்கவில்லை. வெப்சைட்டில் இருந்தது அந்த அம்மாவின் கடை, அந்த அம்மாவின் போன் நம்பர், அந்த அம்மாவின் வங்கிக் கணக்கு. யாரை யாரென்று காட்டி ஏமாற்றினான்? அதோடு, அப்படிப்பட்ட வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போடவும் முடியாது. வணிக நீதிமன்றச் சட்டத்தில் டொமைன் பெயர்த் தகராறு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்று லட்சத்துக்குக் குறையாத மதிப்பு வேண்டும். டாட் இன் பெயர்களுக்கென்று தனி நடுவர் முறை உண்டு, ஆனால் அங்கே கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். கைக்காசு போட்டு வருஷா வருஷம் புதுப்பித்தவனிடம் கெட்ட எண்ணத்தை எங்கே தேடுவது?

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. சிறு தொகைக்குக் கட்டணம் இல்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே போடலாம். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது அங்கே முதல் தடை. 1995-ல், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிரான லக்ஷ்மி இன்ஜினீயரிங் வழக்கில், சுயதொழிலில் பிழைப்பவருக்கு உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். ஓலை முடைகிற அம்மாவும் அந்த வாசலில் நுழையலாம் என்று பார்த்தால், 2019 சட்டத்தின் விளக்கத்தில் அந்தச் சலுகை பொருள் வாங்குவதற்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தில் சேவையும் சேர்ந்திருந்தது. சேவை என்ற சொல் எப்படி விடுபட்டது என்று வருத்தப்படலாம். ஆனால் எதிர்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்வார். சட்டம் தெளிகிறவரை அந்த அம்மாவின் தை மாதம் காத்திருக்காது.

வழி கிடைத்தது 1872-ஆம் வருஷத்துச் சட்டத்தில். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒருவருக்காக ஒரு காரியத்தைச் செய்துதருகிறவர் அவருடைய முகவர். அந்தப் பையன் முகவரியைப் பதிவு செய்தது தனக்காக அல்ல, இந்த அம்மாவுக்காக. முகவர் அந்த நிலையை வைத்துத் தனக்கு ஒரு லாபம் சேர்த்துக்கொண்டால், அதை முதலாளிக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது 1882 இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு. தந்திக் காலத்தில் எழுதியவர்கள் டாட் இன்னுக்கும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

ஆனால் அதே ஒப்பந்தச் சட்டம் மறுபக்கமும் வெட்டும். முகவர் நியாயமாகச் செய்த செலவை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது 222-ஆம் பிரிவு. அந்தப் பாக்கி தீரும்வரை முதலாளியின் சொத்தை முகவர் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம் என்கிறது 221. அதாவது, அவனை முகவர் என்று நாம் நிரூபித்த மறுநொடி, "பாக்கியைக் கொடு, பிறகு கேள்" என்று சொல்லும் உரிமை அவனுக்கு வந்துவிடுகிறது. நான் சொன்னது இதுதான்: புதுப்பித்த ரசீதுகளைக் கேட்டு வாங்கி, அந்தத் தொகையை முதலில் கட்டிவிடுங்கள். கூலியைப் பற்றி அதற்கப்புறம் சண்டை போடலாம்.

தங்கை மகன் எழுந்தே நின்றுவிட்டான். நஷ்டம் நமக்கு, பணம் அவனுக்கா என்றான். அந்த அம்மா அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "அவன் கட்னது கட்னதுதானடா. நாம ஒரு வருசமாவது கேட்டமா?" என்றார். கட்சிக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருவது என் தொழிலில் அபூர்வம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். கூடவே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு. வழக்குப் போடும் முன்பே தகராறை அங்கே எடுத்துப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987 சட்டத்திலேயே இருக்கிறது; எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

பையன் வந்தான். கம்ப்யூட்டரும் கையுமாக, கொஞ்சம் பயந்துபோய். செலவுத் தொகையைக் கேட்டவுடனே கொடுக்கிறோம் என்றதும் பாதி விறைப்பு போய்விட்டது. கூலி பேரம் கொஞ்ச நேரம் ஓடி, அவன் கேட்டதில் நாலில் ஒன்றுக்கு வந்து நின்றது.

அங்கேதான் பலரும் கவனிக்காமல் விடுகிற இன்னொரு விஷயம் கிளம்பியது. வெப்சைட்டில் இருப்பவற்றில் எது யாருடையது? பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். ஆகவே பெட்டி, கூடை, கிலுகிலுப்பைப் படங்கள் எல்லாம் அந்த அம்மாவுடையவை. ஆனால் பையன் எழுதிய நிரல் அப்படியல்ல. அவன் சம்பள ஊழியன் இல்லை; வெளியாள். பணம் வாங்கியிருந்தாலும் அதன் முதல் உரிமையாளர் அவன்தான். எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றித் தந்தால்தான் மாறும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவோடு சரி. ஆகவே சமரசப் பத்திரத்தில் முகவரி, சர்வர் லாகின் இவற்றோடு, நிரலின் உரிமை உலகம் முழுக்க, காலவரம்பின்றி என்றும் ஒரு ஷரத்து எழுதினோம். பையன் அதைப் படித்துவிட்டு, "இவ்ளோதானா சார், கோட்ல பெருசா ஒண்ணும் இல்ல" என்றான். அவன் அடக்கத்தை நம்பி நான் ஷரத்தை எடுக்கவில்லை.

பத்திரம் முடிந்த அன்றே, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் புது மின்னஞ்சலுக்கு எல்லாவற்றையும் மாற்றினான். முகப்பில் அந்த ஒரு வரியையும் போட்டுக்கொடுத்தான். அதற்குள் தை போய் மாசி வந்திருந்தது.

அடுத்து, மாதாமாதம் விலையும் படமும் மாற்ற ஆள் வேண்டும். தெருவிலேயே கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் கிடைத்தாள். ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதித் தந்தேன். பதிவு எப்போதும் கடைக்காரர் பேரிலும் மின்னஞ்சலிலும் இருக்கும். வேலை செய்கிறவருக்குத் தனியாக ஒரு லாகின், முதலாளி லாகின் அம்மாவிடம். புதுப்பிக்கும் கட்டணம் கடைக் கணக்கிலிருந்து நேரே போகும். எழுதுகிற, எடுக்கிற எல்லாவற்றின் உரிமையும் கடைக்கு. ரகசியக் காப்பு என்று நான் போட்டிருந்த ஷரத்தை, "பெட்டி முடையறதுல என்ன சார் ரகசியம்?" என்று கேட்டு அந்த அம்மா அடித்துவிட்டார். அந்த இடத்தில் தன் கையெழுத்தில் ஒன்று எழுதினார்: "போன் பண்ணா எடுக்கணும்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.