விடகாரியும் வேங்கையும்

நஞ்சு தீர்க்கும் மருத்துவன் ஒருவன் நோயுற்ற புலி ஒன்றைக் குணப்படுத்தினானாம். குணமடைந்த புலி முதல் வேலையாக அவனையே தின்றுவிட்டதாம். ஔவையாரின் மூதுரையில் வரும் இச்செய்தியை நம்மில் பலர் ஆரம்பப் பள்ளியில் நெட்டுருப் போட்டிருப்போம். தகுதியற்றவர்க்குச் செய்யும் உதவி வீணாகும் என்பதற்கு அவர் காட்டிய உவமை அது. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது உவமை; எங்களுக்கோ ஊர்ச் செய்தி.

நான் பிறந்து வளர்ந்தது வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். என் தாயார் கொழுந்து பறிப்பவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை. தேயிலைக்குப் பின்னால் சோலைக்காடு. இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. சிறுத்தை, புலி என்று பிரித்துச் சொல்வது புத்தகத்தில்தான். எங்கள் லைனில் எல்லாமே புலிதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அடுத்த லைனைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி அந்தி நேரத்தில் குழாயடிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. பந்தங்களோடு தேயிலைக்குள் இறங்கிய ஆண்களில் என் தந்தையும் ஒருவர். அன்றிரவு அவர் திரும்பி வந்து கைகால் கழுவிய நேரம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது, வெகுநேரம் கழுவினார்.

இந்த நினைவோடுதான் விலங்கியல் படிக்க இந்தப் புனே நகருக்கு வந்து சேர்ந்தேன். விலங்கியலா என்று வியப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே. அஞ்சியதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான்.

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்கம் நடத்திய சொற்போர் நண்பர்களுக்கு நினைவிருக்கும். ‘காயமுற்ற கொடுவிலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கலாமா?’ என்பது தலைப்பு. அளிக்கலாகாது என்று வாதிட்டு முதற்பரிசு பெற்றவன் நான். மூதுரையில் தொடங்கினேன், கைதட்டல் எழுந்தது. காட்டில் அடிபட்டது சாவதும், வலுவுள்ளது வாழ்வதும் இயற்கையின் ஒழுங்கு. அதில் கைவைக்க நாம் யார் என்று கேட்டேன். அறிவியலுக்குத் தனி விலங்கு பெரிதன்று, இனமே பெரிது என்றேன். குமாயூன் பகுதியில் ஜிம் கார்பெட் 1907ஆம் ஆண்டு சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலியை மேடைக்கு இழுத்து வந்தேன். 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்படும் அப்புலிக்கு வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. ஊனமுற்ற புலி மானை விட்டு மனிதனைத் தேடும். அதற்கு மருந்து கொடுப்பது நமக்கு நாமே குழி வெட்டுவது என்று முடித்தேன். பரிசாகத் திருக்குறள் உரை நூல் ஒன்று கிடைத்தது. அதில் அருளுடைமை அதிகாரத்தைப் பிறகுதான் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சொற்போர் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். என் வகுப்புத் தோழர் ஒருவர் ஜுன்னர் வட்டாரத்திலுள்ள தம் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றார். கரும்பு வெட்டும் காலம். அந்தக் கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் வந்து போவதில்லை. அங்கேயே குட்டி போட்டுக் குடியிருக்கின்றன. மராத்தியில் அவற்றை ‘பிபட்யா’ என்கிறார்கள். நாங்கள் போன மறுநாள் விடியற்காலையில் ஓடைக்கரைப் பக்கம் ஓர் ஓலம் கேட்டது. ஓடினோம். காட்டுப்பன்றிக்காக யாரோ வைத்திருந்த கண்ணியில் ஒரு பெண் சிறுத்தை மாட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியில் செய்த கண்ணி. இழுக்க இழுக்க இறுகி, இடுப்புச் சதைக்குள் புதைந்துவிட்டிருந்தது.

தோழரின் சிற்றன்னையை எல்லாரும் மாவ்ஷி என்று அழைப்பார்கள். முந்திய மாதந்தான் அவருடைய ஆடு ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோயிருந்தது. அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது செத்தால் எனக்கு அழுகை வராது. ஆனால் இப்படிக் கத்திக்கொண்டு கிடக்க வேண்டாம். யாரையாவது வரச் சொல்லுங்கள்.”

வனத்துறையினர் வந்தனர். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி எய்தார். கம்பியை வெட்டி எடுத்தபோது நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். என் பிள்ளைப் பருவம் முழுவதையும் இருட்டில் நின்று அச்சுறுத்திய விலங்கு, நாக்கு வெளியே தொங்க, ஒரு கித்தான் விரிப்பில் கிடந்தது. மருத்துவர் அதன் கண்களின்மேல் ஈரத்துணியைப் போட்டார். கண் மூடாமலே மயங்குவதால் விழி உலர்ந்துவிடும் என்று விளக்கினார். அந்தத் துணி நழுவியபோது குனிந்து சரி செய்தது என் கை. மேடையில் பேசிய வாய் அப்போது ஒன்றும் பேசவில்லை.

விடுதிக்குத் திரும்பிய பின் என் வாதத்தை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். முதல் ஓட்டை உடனே தெரிந்தது. இயற்கையின் ஒழுங்கு என்றேனே, கிளட்ச் கம்பி எந்த இயற்கையைச் சேர்ந்தது? சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, நெடுஞ்சாலை, மின்வேலி, கண்ணி எல்லாம் நாம் செய்தவை. மேடையில் நான் முழங்கிய சம்பாவத் புலியின் பற்களும் தாமாக உடையவில்லை. எவனோ சுட்ட குண்டு உடைத்த பற்கள் அவை என்று கார்பெட்டே எழுதியிருக்கிறார். அந்தச் செய்தி எனக்கு முன்னமே தெரியும். வாதத்துக்கு உதவாது என்று விட்டுவிட்டேன். பரிசு கிடைத்தது அதனால்தான் போலும்.

ஆயினும், மனம் இளகியதால் மட்டும் வாதம் முழுவதும் பொய்யாகிவிடுமா? ஆகாது. குணப்படுத்திய பிறகு அந்த விலங்கை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ‘எங்கேயாவது தொலைவில் கொண்டுபோய் விடுங்கள்’ என்றுதான் எந்த ஊராரும் சொல்வர். நானும் அதுவே சரி என்றிருந்தேன். அதே ஜுன்னர் வட்டாரத்தில் நடந்த அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. 2001 முதல் 2003 வரை அங்கே சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல், அந்தக் காலத்தில் 17ஆக உயர்ந்தது. கொண்டுபோய் விட்ட இடங்களுக்கு அருகிலேயே தாக்குதல் மிகுதி. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. அறியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட விலங்கு திகைக்கிறது. தன் பழைய இடம் தேடி நடக்கிறது. வழியில் ஊர்கள் இருக்கின்றன.

அவ்வாறு நடந்த ஒரு சிறுத்தைக்கு ‘ஆஜோபா’, அதாவது தாத்தா, என்று பெயரிட்டார்கள். 2009இல் ஒரு கிணற்றிலிருந்து அதைத் தூக்கி, கழுத்தில் கருவி கட்டி, மால்ஷேஜ் மலைப்பகுதியில் விட்டனர். அது ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து மும்பையை ஒட்டிய தேசியப் பூங்காவைச் சென்றடைந்தது. வழியில் யாரையும் அது தாக்கியதாகச் செய்தி இல்லை. 2011இல் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தது. அந்த நடையை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஒரு தாத்தா நல்லவராக நடந்துகொண்டதை வைத்து எல்லாச் சிறுத்தைகளுக்கும் நற்சான்று எழுதிவிட இயலாது.

இனி என் தாயாரின் தீர்ப்புகள் இரண்டைச் சொல்கிறேன். இரண்டும் 2021ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவ்வாண்டு செப்டம்பரில் எங்கள் வால்பாறைப் பகுதியில், முள்ளம்பன்றி முட்கள் தைத்து மெலிந்துபோன புலிக்குட்டி ஒன்றை வனத்துறையினர் மீட்டனர். அப்போது நான் கோவையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியில், “எலும்பெல்லாம் தெரியுதாம்டா, தாயில்லாத குட்டியாம்,” என்று வருந்தினார். அடுத்த மாதமே மசினகுடியில், நான்கு பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட டி23 என்னும் புலியை, ஏறத்தாழ மூன்று வாரம் தேடி மயக்க ஊசி போட்டு உயிருடன் பிடித்து, சிகிச்சைக்காக மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு அம்மா சொன்னது: “அதைச் சுட்டிருக்கணும். செத்தவங்க வீட்டுக்கு யார் ஊசி போடுறாங்க?”

முரண்பாடு என்று அன்று நகைத்தேன். இன்று நகைக்க முடியவில்லை. என் கணக்குப்படி பார்த்தால் முள்ளம்பன்றி முள் இயற்கையின் காயம். குட்டியைக் காட்டிலேயே விட்டிருக்க வேண்டும். அம்மாவின் மனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. என் மனமும் ஏற்கவில்லை. அந்தக் குட்டிக்கு ஆனைமலைக் காட்டிலேயே அடைப்பு அமைத்து, வேட்டை பழக்கிக் காட்டில் விட முயன்றார்கள். முடிவில் அது வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. முயற்சியே வீண் என்றும் சொல்வதற்கில்லை. மத்தியப் பிரதேசத்தில் கானா காட்டில் தாயின்றி வளர்க்கப்பட்ட இரு பெண்புலிகள் 2011இல் பன்னாவில் விடப்பட்டன. 2009இல் ஒரு புலிகூட இல்லாமற் போயிருந்த காடு அது. அவற்றுள் ஒன்று தானே வேட்டையாடிக் குட்டிகளும் ஈன்றது.

ஜுன்னரில் நான் கண்ட பெண் சிறுத்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் கம்பி அறுத்ததில் பின்னங்கால் நரம்பு கெட்டுவிட்டது. இனி அதனால் ஓடி இரை பிடிக்க இயலாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் கூண்டுதான். அதைச் சென்று பார்த்தேன். கம்பிக்கு அப்பால் ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. உயிரைக் காத்தோமா, சாவை நீட்டினோமா என்று அங்கே நின்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை கிடைக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு எனக்குத் தெளிந்தவை இவை. மனிதன் செய்த காயத்துக்கு மனிதன் மருந்து போடக் கடமைப்பட்டவன், அதில் வாதமில்லை. அடர்காட்டில் இரண்டு புலிகள் போரிட்டுப் பெற்ற காயத்தை அவற்றுக்கே விட்டுவிடலாம். குணமாகி ஓடக்கூடிய விலங்கை, நாள் கடத்தாமல், அது அறிந்த இடத்துக்கு அருகிலேயே விட வேண்டும். ஊராருக்குச் சொல்லிவிட்டு விட வேண்டும். மனிதரை இரையாகக் கொண்டுவிட்ட விலங்கை மீண்டும் காட்டில் விடலாகாது. வேட்டையாட முடியாத விலங்குக்குக் கூண்டு நல்லதா, வலியற்ற சாவு நல்லதா என்பதை இரக்கத்தின் பெயரால் மறைக்காமல் வெளிப்படையாக எண்ண வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியில் நான் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அந்தச் சிறுமியின் தாயை நாங்கள் அத்தை என்று அழைப்பது வழக்கம். குழாயடியில் எதிர்ப்பட்டார்.

“என்ன தம்பி படிக்கிற இப்ப?”

“விலங்கியல், அத்தை.”

“அப்படின்னா? புலிக்கு வைத்தியம் பாக்குறதா?”

எனக்கு நாவெழவில்லை. கிளட்ச் கம்பியையும் கண்ணில் போட்ட ஈரத்துணியையும் அவரிடம் எப்படிச் சொல்வேன்? நான் நிற்பதைப் பார்த்து அவரே பேசினார்.

“பாரு, வேணாம்னு சொல்லல. அதுவும் வயித்துக்குத்தான அலையுது. ஆனா இந்தக் குழாய்கிட்ட ஒரு விளக்குப் போடச் சொல்லி மனு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போ. பதினாலு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கோம்.”

அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. லைனிலுள்ள பெண்கள் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் இட்டார்கள். முதற்பரிசு பெற்ற என் சொற்பொழிவைவிட அந்த மனு நன்றாக அமைந்தது என்பது என் எண்ணம். இக்கட்டுரையை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.

மூதுரை சொன்ன விடகாரியை இப்போது வேறு விதமாக எண்ணுகிறேன். அவன் நோய் தீர்த்தது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. நோய் தீர்ந்த புலி எங்கே போகும், யார் வீட்டு வழியாகப் போகும் என்று முன்கூட்டி எண்ணாததுதான் பிழை. அவனாவது தன் உயிரைக் கொடுத்தான். நாமோ புனேயிலும் சென்னையிலும் இருந்துகொண்டு இரக்கப்படுகிறோம். குழாயடிக்குப் போகிறவர்கள் வேறு யாரோ.

சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கும் இதே தலைப்பை வைத்தருளுங்கள். பரிசு நூலைத் திருப்பித் தந்துவிடுகிறேன். ஆனால் இம்முறை இரண்டு பக்கமும் பேச எனக்கு நேரம் வேண்டும்.