பரிசு வராத வீட்டிலிருந்து ஒரு நன்றி

அன்புள்ள சித்தார்த் காக், ரேணுகா ஷஹானே இருவருக்கும், ‘சுரபி’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக உழைத்த அத்தனை பேருக்கும்,

உங்கள் வினாவிடைப் போட்டியில் ஒருமுறைகூடப் பரிசு பெறாத ஒரு தமிழ்நாட்டு வீட்டிலிருந்து எழுதுகிறேன். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

தூர்தர்ஷனில் ‘சுரபி’ பார்க்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. எல். சுப்பிரமணியம் அமைத்த முகப்பிசையும், ரேணுகா அவர்களின் சிரிப்பும் எங்களுக்குத் தாமாகவே புரிந்தன. மற்றதையெல்லாம் இந்திப் பிரச்சார சபா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் கேள்வி கேட்டதும் தெருவே விடை தேடும். யாரோ ஒருவர் நூலகத்துக்கு ஓடுவார், இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடிப்பார். விடை கிடைத்ததும் 15 பைசா தபால் கார்டில் அக்காவின் கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் போடுவோம்.

அதன் பிறகுதான் எங்கள் கனவு தொடங்கும். குலுக்கலில் வெல்பவருக்கு நீங்கள் அறிவித்த பரிசு நம் நாட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுலா. மிக்ஸியோ சைக்கிளோ பரிசாக இருந்தால், அதை எங்கே வைப்பது என்ற பேச்சோடு எல்லாம் முடிந்திருக்கும். பயணம் என்றதால் ஆளுக்கு ஆள் பேச விஷயம் இருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்குமா, மாட்டை யார் பார்த்துக்கொள்வது, யாரிடம் ஸ்வெட்டர் இரவல் வாங்குவது, கட்டிக்கொண்டு போகும் புளியோதரை எத்தனை வேளைக்குத் தாங்கும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சு. பள்ளி அட்லஸை விரித்து ரயில் பாதைகளை விரலால் தொடர்ந்து போவோம். நர்மதையும் சம்பலும் எங்கே ஓடுகின்றன என்பது எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது.

ஒருநாள் அந்தப் பேச்சுக்கு நடுவே அம்மாவிடம், “நீ எங்கம்மா போகணும்?” என்று கேட்டோம். காசி என்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். “பனி விழறதைப் பார்க்கணும்” என்றார் அம்மா. சற்று நேரம் யாரும் பேசவில்லை. அம்மாவுக்கு என்ன ஆசை என்று அதுவரை அந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை. இருக்கிற பணத்துக்குத் திட்டம் போடும்போது எங்கள் வீட்டில் அவசியமானவை மட்டுமே பேச்சில் வரும். வராத பரிசுக்குத் திட்டம் போட்டபோதுதான் ஆசைகளும் வெளியே வந்தன. உங்களுக்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அதற்காகத்தான்.

1993-இல் ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் உங்களுக்கு வந்து, லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தன. வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க, போட்டிகளுக்கென்றே 2 ரூபாய் அஞ்சல் அட்டையை அஞ்சல் துறை தனியாக வெளியிட வேண்டிவந்தது. அந்த எண்ணிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது, அத்தனை வீடுகளிலும் சாப்பாட்டு வேளையில் நடந்திருக்கக்கூடிய பேச்சுதான். எத்தனை அம்மாக்கள் எந்தெந்த ஊரின் பெயரைச் சொன்னார்களோ!

நான் சம்பாதிக்கத் தொடங்கியதும், அம்மாவை முதலில் எங்கே அழைத்துப்போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பனி பார்க்க மணாலிக்குக் கிளம்பினோம். அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது நான். ஆனால் போக வேண்டிய ஊரை எனக்குக் காட்டியவர்கள் நீங்கள்.

மூட்டை மூட்டையாக வந்த கார்டுகளைப் பிரித்து அடுக்கியவர்களுக்கும், வெயிலிலும் மழையிலும் அவற்றைச் சுமந்த தபால்காரர்களுக்கும் இந்த நன்றி சேரட்டும். குலுக்கலில் எங்கள் பெயர் வரவே இல்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்குச் சேர வேண்டியது அப்போதே வந்து சேர்ந்துவிட்டது.


உங்கள் நேயர்