விறகு அடுப்பு பீட்சாவும் ஒரு பாட்டியின் நுரையீரலும்

எங்க வீட்டுக்கு மூணு தெரு தள்ளி ஒரு சின்ன இத்தாலியன் ரெஸ்டாரன்ட் இருக்கு. மொத்தமே எட்டு டேபிள். உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல படுறது செங்கல் வச்சுக் கட்டின குவிமாட அடுப்பு. போர்டுலயே "விறகு அடுப்பு பீட்சா"னு பெருசா எழுதியிருக்கு.

மாசம் ஒரு தடவை குடும்பத்தோட போவோம். போன வாரமும் போனோம். அதைப் பத்தித்தான் இந்த நீளமான இழை. பொறுமையா படிங்க நண்பர்களே.

முதல்ல அப்பா கதை. அவருக்கு பத்து வருஷமா சர்க்கரை நோய். மெனு கார்டை மூடி வச்சுட்டு "டேய், நான் எத்தனை துண்டு சாப்பிடலாம், அதை மட்டும் சொல்லு"ன்னார்.

ஒரு ஆள் சாப்பிடுற பீட்சாவுக்கு சுமார் 250 கிராம் மாவு உருண்டை. அதுல தண்ணி போக மைதா மட்டும் 150 கிராம் வரும். மாவுச்சத்துக் கணக்குல பத்துப் பன்னிரண்டு இட்லிக்குச் சமம். மேல தக்காளி, சீஸ், துளசி மாதிரி ஒரு இலை எல்லாம் இருக்குறதால கண்ணுக்கு அப்படித் தெரியாது!

அதனால முதல்ல ஒரு தட்டு சாலட், கிரில் பண்ண சிக்கன், அப்புறம் பீட்சாவுல ரெண்டே துண்டு. கோலா கிடையாது. அப்பா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். ஆனா சாப்பிட்டார். சர்க்கரை இருக்குறவங்களை வெளியே சாப்பிடவே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. அப்படிச் சொன்னா அவங்க நமக்குத் தெரியாம சாப்பிடுவாங்க, அவ்வளவுதான்.

ருசி? அருமை. ஓரம் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடுவுல மெத்துன்னு. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010ல ஒரு தர விதியே போட்டிருக்கு. அடுப்பு சுமார் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60லிருந்து 90 நொடி. அந்த சூடு வீட்டு ஓவன்ல வராது. நாம "புகை வாசம்"னு நினைக்கிறது பெரும்பாலும் மாவு கருகுற வாசம். ஒன்றரை நிமிஷத்துல புகைக்கு அதுல ஏற நேரமே இல்ல.

பீட்சா போடுற தம்பிகிட்ட "உனக்குப் புகை அடிக்கலையா?"னு கேட்டேன். "இல்லண்ணா, சூடுதான் ஆளைக் கொல்லுது, புகை எல்லாம் மேல போயிடும்"ன்னான். உண்மைதான். அடுப்பு வாய்க்கு நேர் மேல புகைபோக்கி. நல்லா காய்ஞ்ச சவுக்குக் கட்டை மட்டும்தான் போடுறான். காய்ஞ்ச கட்டை, நல்ல காத்து, ஏகப்பட்ட சூடு. மூணும் சேர்ந்தா விறகு தீயா எரியும், புகை கம்மி.

இப்ப என் ஓபிக்கு வாங்க.

அறுபது வயசுல ஒரு பாட்டி. நாலு அடி நடந்தா மூச்சு வாங்கும். மழைக்காலம் வந்தா வார்டுல அட்மிஷன், நெபுலைசர், ஆக்சிஜன். பழைய சீட்டுல எல்லாம் "ஆஸ்துமா"ன்னே எழுதியிருக்கு. பீடி, சிகரெட் பழக்கம் உண்டான்னு கேட்டா கோவம் வருது. "ஏஞ்சாமி, பொம்பளைகிட்ட கேக்குற கேள்வியா இது?"

"சமையல் எதுல பாட்டி?"

"விறகுலதான். பதிமூணு வயசுல இருந்து."

ஸ்பைரோமெட்ரி பண்ணோம். சிஓபிடி. அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். ஆயுசு முழுக்க சிகரெட் பிடிச்சவங்களுக்கு வர்ற நோய்னு பாடத்துல முதல்ல படிப்போம். நம்ம ஊர்ல புகையைத் தொடாத பெண்களுக்கும் வருது.

பாட்டி வீட்டு அடுப்புல புகைபோக்கி இல்ல. சீமைக்கருவேலம் முள்ளு, பாதி ஈரம், கூடவே வரட்டி. அது எரியாது, புகையும். ஊதாங்குழலை வச்சு ஊதும்போது முகத்துக்கும் அடுப்புக்கும் ஒரு அடி தூரம். பிஎம் 2.5 நுண்துகள் 24 மணி நேர சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லிடுச்சு. இந்த மாதிரி அடுப்பங்கரைகள்ல அது நூத்துக்கணக்குல போகும். வீட்டுக்குள்ள வர்ற புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் இறந்ததா அதே நிறுவனத்தோட கணிப்பு.

"சிலிண்டர் இல்லையா?"ன்னு மகன்கிட்ட கேட்டேன். இருக்கு சார், டீ போடவும் விருந்தாளி வந்தாலும் அதுதான்னார். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் விறகு. முள்ளு காசில்லாம கிடைக்குது. ரீஃபில் பண்ணக் காசு வேணும். கணக்குல அது கேஸ் இணைப்பு உள்ள வீடு! இதை "விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்லி முடிச்சுடுறது எனக்குப் பிடிக்காது. அவங்களுக்குப் புகை கெட்டதுன்னு நல்லாவே தெரியும். நாங்க சாப்பிட்ட ஒரு பீட்சாவோட விலை பாதி சிலிண்டருக்கு மேல.

இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்துல சான் விட்டாலியானோன்னு ஒரு சின்ன ஊர். 2015 டிசம்பர்ல காத்து ரொம்ப மோசமானதும், ஃபில்டர் இல்லாத பீட்சாக் கடைகள் விறகு எரிக்கக் கூடாதுன்னு மேயர் தடை போட்டார். பீட்சா பொறந்த மண்ணுல! கடைக்காரங்க கொந்தளிச்சாங்க. சரியோ தப்போ, புகைக்கு அங்க ஒரு கணக்கு கேட்டாங்க. பாட்டி வீட்டுப் புகையை யாரும் கேக்கல.

பாட்டிக்கு இன்ஹேலர் கொடுத்து, எப்படி இழுக்கணும்னு மூணு தடவை செஞ்சு காட்டினேன். கூட வந்த மருமகளையும் உக்கார வச்சுப் பேசினேன். ஏன்னா இப்ப அந்த அடுப்பு முன்னாடி உக்காருறது அவங்கதான். நாலு மாச கர்ப்பம். இந்தப் புகையால குழந்தை எடை குறைஞ்சு பிறக்கலாம். சிலிண்டரை டீக்கு வைக்காம, அதிக நேரம் எரியுற சோத்துக்கும் குழம்புக்கும் வைங்க, வெந்நீர் அடுப்பை வெளிய முற்றத்துக்கு மாத்துங்கன்னு சொன்னேன். முற்றத்துக்கு மாத்துறது மட்டும் உடனே நடந்துச்சு. மத்தது அடுத்த விசிட்ல தெரியும்.

உங்க வீட்டுப் பெரியவங்க இருமலோட, மூச்சிரைப்போட ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: "இவங்க இத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சவங்க." ஸ்பைரோமெட்ரி பண்ணணுமான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில அந்த டெஸ்ட்டுக்கு வழி இருக்கும்.