கால் தேடும் படலம்

மூன்று வாரமாக ஒரு ஜோடிக் கால் தேடிக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் கால். நடுத்தர வயது, செருப்பு கூடாது, விரல்கள் நம் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கணுக்கால் வரை கிடைத்தால் போதும். அதற்கு மேல் புடவையை வைத்துச் சமாளித்துக்கொள்வேன்.

பழைய வாரப் பத்திரிகைகள் வீட்டில் இடுப்பளவு ஏறிவிட்டன. வாங்குவது பழைய பேப்பர் கடையில், எடைக்கு. கடைக்காரர் முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். அவரிடம் பேப்பர் போட ஆள் வரும், எடுக்க வராது. வழவழத் தாள் பொட்டலம் மடிக்க உதவாது, அதனால் நாளிதழைவிட அது மட்டம் என்பது அவர் கணக்கு. “இதை வெச்சு இன்னா சார் பண்ணுவீங்க?” என்று கேட்டார். “ஆள் வெட்டுவேன்” என்றேன். அன்றிலிருந்து எடையில் கொஞ்சம் தாராளம் காட்டுகிறார்.

இப்போது மேஜைமேல் இருப்பது திருவல்லிக்கேணிப் பெரிய தெரு, காலை ஏழு மணி. நாலடிக்கு இரண்டடி அட்டை. இஸ்திரி வண்டி ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் விளம்பரத்தில் இருந்த கதவைப் படுக்கப்போட்டேன். காபிப்பொடிக் கடை ஆகிவிட்டது. மொட்டைமாடிக் கொடியில் துணிகள் காய்கின்றன. எல்லாம் ஜவுளிக்கடைகளின் தீபாவளி விளம்பர உபயம், ஆகையால் தெருவின் வருமானத்துக்குச் சற்றும் பொருந்தாத பட்டுப்புடவைகள். கீரைக்காரம்மாதான் நிற்கமாட்டேன் என்கிறாள்.

வெட்ட உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், நம் பத்திரிகைகளில் யாருக்கும் கால் கிடையாது. நடிகர் மார்போடு முடிந்துவிடுகிறார். அமைச்சர் மைக்கோடு. எழுத்தாளருக்குக் கன்னத்தில் வைத்த கை உண்டு, மற்றது இல்லை. கிரிக்கெட்காரர்களின் காலில் பேடு. அரசியல் செய்திகளில் சில சமயம் நல்ல முழுக் கால் வரும், ஆனால் அதன்மேல் யாராவது விழுந்துகொண்டிருப்பார்கள். அவரைப் பிரித்தெடுக்க என் கத்தரிக்கு நுனி போதாது.

சாதாரண ஜனங்கள் முழு உருவமாகப் பத்திரிகையில் வருவது வெள்ளம் வந்தால்தான். 2015 டிசம்பர் இதழ்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் மூட்டையோடு ஒரு கிழவி என்று என் தெருவுக்கு வேண்டிய அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். அத்தனை பேரும் முழங்கால் தண்ணீரில். அபூர்வமாக இந்த ஜனங்களைக் காமிரா தேடிப்போன அந்த வாரத்திலும் காலைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. முதல் அட்டையில் அவர்களை அப்படியே எடுத்து உலர்ந்த தெருவில் நிறுத்தினேன். என் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். “பேய்க்குத்தானே கால் இருக்காது?” என்றாள்.

கை கிடைக்கும். ஆனால் காலியான கை கிடைக்காது. ஒன்றில் செல்போன், ஒன்றில் பற்பசை, ஒன்றில் மசாலா பாக்கெட். பெண்களின் கை வேண்டுமென்றால் நகைக்கடை விளம்பரத்துக்குப் போக வேண்டும். அங்கே மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தங்கம். வளையலை வெட்டி எடுத்தால் கையே இரண்டு துண்டாகிவிடும். கீரைக்காரம்மாவுக்கு ஒரு கை அப்படித்தான் அமைந்தது, நகச்சாயமும் நாலு வளையலுமாக. அதுவும் அவள் தலையைவிட ஒன்றரை மடங்கு பெரிது.

அதை ஒட்டும் துணிச்சலை எனக்குக் கொடுத்தவர் ரோமேர் பியர்டன். 1911இல் வட கரோலினாவின் ஷார்லட் ஊரில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பின ஓவியர். பகலெல்லாம் நகரத்தின் சமூக நலத்துறையில் உத்தியோகம், மிச்ச நேரத்தில்தான் ஓவியம். 1963இல் கறுப்பின ஓவியர்கள் சிலர் கூடி ‘ஸ்பைரல்’ என்று ஒரு குழு தொடங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே ஒட்டுப்படம் செய்யலாமே என்று பியர்டன் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்களுக்கு அதில் ருசி தட்டவில்லை. கூட்டத்துக்கு எல்லாருக்குமாக வடை வாங்கிப்போய் யாரும் தொடாமல் திரும்ப எடுத்துவந்த அனுபவம் எனக்கு உண்டு, அதனால் இந்த இடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மனிதர் தானே தனியாக உட்கார்ந்து ஒட்டினார். 1964இல் கண்காட்சி. அப்போது அவருக்கு வயது 53. அதற்கு முன் அவர் வரைந்ததையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்தத் துணுக்குகள்தான் அவர் பெயராகிவிட்டன. உத்தியோகத்தை மட்டும் உடனே விடவில்லை. விவரமானவர்.

1971இல் அவர் ஒரு தெருவையே ஒட்டினார். படத்துக்குப் பெயரும் ‘தி பிளாக்’தான். ஆறு பலகைகள், நாலடி உயரம், பதினெட்டடி நீளம். இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. நண்பரும் எழுத்தாளருமான ஆல்பர்ட் மர்ரியின் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்த லெனாக்ஸ் அவென்யூ அது. முடிதிருத்தும் கடை, சர்ச், சவ ஊர்வலம், வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். சில இடங்களில் சுவரையே வெட்டிவிட்டு உள்ளே நடக்கும் குடும்பத்தைக் காட்டியிருக்கிறார். நான் நேரில் பார்த்ததில்லை, புத்தகத்தில் பார்த்ததுதான். நடுமடிப்பில் இரண்டு வீடு காணாமல் போய்விட்டது.

அவருடைய முகங்களைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் ஒரு படத்திலிருந்து, இன்னொரு கண் வேறொன்றிலிருந்து. அளவும் ஒன்றல்ல. மூக்கு ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து இறங்கியிருக்கும். கை முகத்தைவிடப் பெரிதாக, முன்னால் வந்து நிற்கும். முப்பத்தைந்து வருஷம் வரவையும் செலவையும் நேர்செய்த எனக்கு இரண்டு கண்ணும் ஒரே அளவில் இல்லையென்றால் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் உழைக்கிற ஒருத்தியை நாம் பார்க்கும்போது முதலில் தெரிவது கைதானே? கீரைக்கட்டை உதறி நீட்டுகிற கை. அந்தக் கை தலையைவிடப் பெரிதாக இருந்தால் குற்றமில்லை என்று முடிவுசெய்து, வளையலோடு ஒட்டிவிட்டேன்.

கால்தான் பாக்கி.

போன மாதம் அருமையான ஜோடி ஒன்று கிடைத்தது. வாசல்மாடத்தில் விளக்கேற்றும் பெண், வெறுங்கால், சரியான வயது. கத்தரியை எடுக்கும்முன் பக்கத்தைத் திருப்பினால் சுண்டைக்காய் வற்றல்குழம்பு. “எத்தனை கரண்டி நல்லெண்ணெய்னு உங்க கீரைக்காரி காலுக்கு அடியில போயிடும், அப்படித்தானே?” என்று மனைவி இதழைப் பிடுங்கிக்கொண்டாள். எந்தத் தாளை வெட்டினாலும் மறுபக்கத்தில் யாரோ ஒருவருக்குக் கழுத்து போகிறது. இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்த விஷயம்.

1967. எங்கள் வீட்டில் பத்திரிகை என்பது அத்தையின் ராஜ்யம். வாரப் பத்திரிகை வந்ததும் பெரியவர்கள் வரிசைப்படி படிப்பார்கள். கடைசி ஆள் முடித்த மறுநாள் அத்தை பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து, பழைய புடவைக் கிழிசலில் சுற்றி அலமாரியில் வைப்பாள். கதை முடிந்ததும் தெப்பக்குளத்தருகே இருந்த பைண்டரிடம் போகும். சிவப்புக் காலிகோ முதுகோடு புத்தகமாகத் திரும்பி வரும். அப்படி அத்தையிடம் பதினேழு புத்தகங்கள் இருந்தன. அவள் கழுத்தில் நகை என்று ஒன்றும் கிடையாது. சின்ன வயதிலேயே எல்லாம் போய், அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள்.

அலமாரியிலிருந்த ஒரு பக்கத்தில், கதைக்குப் பின்னால், ஒரு ஜோக்குக்கு மாடி பஸ் வரைந்திருந்தது.  எனக்கு அது வேண்டும். கத்தரிக்கோலைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. வெறும் கத்தரியை வெட்டினால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். வெறுமனே வெட்டினால்தானே? நான் பஸ்ஸை வெட்டினேன். சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கணக்கு நோட்டில் ஒட்டினேன். அத்தை கண்டுபிடித்தபோது சோறு காய்ந்து பாறையாகிவிட்டது, பிய்த்தால் பஸ்ஸும் போகும், கதையும் போகும்.

அத்தை அடிக்கவில்லை. கோடு போட்ட தாளில் பஸ் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓட்டையில் ஒட்டி, காணாமல் போன நாலு வரியைப் பேனாவால் பொடியெழுத்தில் எழுதினாள். கூரை வரைக்கும் இரண்டு மாடி பஸ் வடிவத்தில் அந்தத் தாள் இருந்தது. ராத்திரி வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் கணவன், மனைவியிடம் சாப்பாடு போடச் சொல்கிற கட்டம். அவள் சொல்கிறாள்: சோறு இல்லை, நானும் சாப்பிடவில்லை, விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள்.

அந்தப் புத்தகம் ஒண்டுக்குடித்தனத்தின் ஏழு வீட்டிலும் சுற்றியது. பல பெண்கள் அந்த இடத்தை மெச்சினார்கள். எத்தனையோ வருஷம் கழித்து பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில் அதே கதை அச்சுப் புத்தகமாகக் கிடைத்தது. நின்றபடியே அந்த இடத்தைத் தேடினேன். அச்சில் அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள், நாலு வரியும் அதற்கே போய்விடுகிறது. அத்தைக்கு மறந்துபோய் எழுதியதா, மறக்காமல் எழுதியதா என்று கேட்க அப்போது அவள் இல்லை. புத்தகத்தை வாங்காமல் வந்துவிட்டேன். அத்தையின் பதிப்பு எனக்குப் போதும்.

அந்த பைண்டரின் பசையைத்தான் நானும் காய்ச்சுகிறேன். மைதாவைக் கட்டி தட்டாமல் கிளறி, இறக்கும்போது சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. துத்தம் விஷம் என்பதால் எனக்கென்று தனியாக ஒரு பழைய அலுமினியக் குண்டான், கொல்லைப்புறத்தில். சுவரொட்டிக்காரர்கள் துத்தம் போடுவதில்லை என்பதற்கு எங்கள் தெரு மாடுகள் சாட்சி. பசைக்காகப் போஸ்டரை நக்கி, கிழித்து, மென்று, அடியிலிருக்கும் போன தேர்தல் வரை போய்விடும். பாரிஸில் ஜாக் வில்லெக்லே என்பவர் 1949இலிருந்து தெருச்சுவர்களில் கிழிந்து தொங்கிய சுவரொட்டிகளை உரித்துக்கொண்டுபோய்ப் படமாக மாட்டினார். கிழித்தவர்கள் பெயர் தெரியாத வழிப்போக்கர்கள், தான் பொறுக்கி எடுப்பவன் மட்டுமே என்பது அவர் கட்சி. எங்கள் தெருவில் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு ஆளுக்கு நாலு கால். எனக்கு இரண்டு அகப்படவில்லை.

கடைசியில் அகப்பட்டது, ஒரு பித்தவெடிப்புக் களிம்பு விளம்பரத்தில். ‘முன்’ என்று ஒரு பாதம், வெடித்துப் பிளந்து. ‘பின்’ என்று ஒரு பாதம், பூசணிக்காய் மாதிரி. நகரத்தில் நடந்து தேய்ந்த காலை அசலாகப் படம்பிடிக்க நினைத்தவர் இந்தக் களிம்புக்காரர் ஒருவர்தான். ஆனால் இரண்டும் குதிகால். ஒட்டிப் பார்த்தேன். முகம் நம்மைப் பார்க்கிறது, குதிகாலும் நம்மைப் பார்க்கிறது. வடக்கே பேய்க்குப் பாதம் பின்னோக்கித் திரும்பியிருக்கும் என்பார்கள். எங்கள் ஊர்ப் பேயாக இருந்தவள் வடநாட்டுப் பேயாகிவிட்டாள், அவ்வளவுதான் முன்னேற்றம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, பசை காய்வதற்குள் உடம்பைப் பெயர்த்துத் திருப்பினேன். இப்போது அவள் முதுகு காட்டி நடந்துபோகிறாள். யாரோ பின்னாலிருந்து விலை கேட்க, முகத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறாள். பெரிய கை கூடையைப் பிடித்திருக்கிறது. கூடையிலிருக்கும் கீரை, ஒரு வில்லா மனை விளம்பரத்தின் புல்தரை. இடது கால் முன், வலது கால் பின்.

நேற்றுக் காலை அசல் கீரைக்காரம்மா வந்தபோது, கூடையை இறக்கக் கைகொடுத்துவிட்டு, அட்டையை வாசலுக்கே கொண்டுவந்து காட்டினேன்.

“இன்னா சார் இது, நானா?”

“மாதிரி.”

முகத்தை அவள் பார்க்கவே இல்லை. காலையும் பார்க்கவில்லை, என் மூன்று வாரம் அப்படிப் போயிற்று. கூடைக்குள் விரலை வைத்துத் தேய்த்தாள். “இது இன்னா கீரை? இது மாடு தின்ற புல்லு சார். இத வித்தா யாரு வாங்குவாங்க?” என்றாள். பிறகு அந்தக் கை அவள் கண்ணில் பட்டது. வளையலை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

“நாலு போட்டுட்டீங்க. எனக்கு ரெண்டுதான் இருந்துச்சு. பெரியவ கல்யாணத்துக்கு முந்தி.”

இரண்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும் விடுங்க” என்றாள். “சிறுகீரையா, அரைக்கீரையா?”